டிரிப் கேன்சல் ஆனால் பணம் திரும்ப வருமா? 'கேன்சல்' பட்டனை முதலில் அழுத்தியது யார் என்பதில்தான் இருக்கு விஷயம்!

காஞ்சிபுரம் மாவட்டம் முசரவாக்கத்தில் ஒரு நெசவாளர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவும் அம்மாவும் தறியில். மகன் சென்னையில் ஐ.டி. வேலை, மகள் காலேஜ். தை பிறந்தால் முகூர்த்த ஆர்டர்கள் குவிந்துவிடும், அதற்கு முன்பே காசிக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று முடிவாகிறது. தறியில் ஏறியிருக்கும் பாவு எப்போது முடியும் என்று அப்பா ஒரு தேதி சொல்கிறார். மகன் மொபைலிலேயே எல்லாவற்றையும் புக் செய்கிறார். போக விமானம், ஆளுக்கு 6,500 ரூபாய் வீதம் 26,000. திரும்பி வர ரயிலில் மூன்றடுக்கு ஏசி, ஆளுக்கு 2,000 வீதம் 8,000. காசியில் மூன்று நாள் ரூம், 9,000. மொத்தம் 43,000 ரூபாய்.

சனிக்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமை இரவு போன் வருகிறது. பெரியப்பா தவறிவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடியும் வரை கோயில், குளம் எதுவும் கிடையாது. காசிப் பயணம் ரத்து. துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மகன் ஆப்பைத் திறக்கிறார். விமான டிக்கெட்டுக்குக் கீழே 'கேன்சல்' என்று சிவப்பில் ஒரு பட்டன். 'உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் தொகை: ஒருவருக்கு 2,100 ரூபாய்' என்கிறது ஆப்.

6,500 கட்டினோம், 2,100தான் வருமா? மீதி எங்கே போச்சு? இன்சூரன்ஸுக்கு டிக் போட்ட ஞாபகம் இருக்கிறதே, அது எதற்கு?

இந்தக் கேள்விகளுக்கான பதில், பயணம் ஏன் நின்றது என்பதைவிட, அதை நிறுத்தியது யார் என்பதைப் பொறுத்தது. அதே விமானத்தை விமான நிறுவனமே ரத்து செய்திருந்தால் 26,000 ரூபாயும் திரும்பி வரும். பயணி ரத்து செய்தால், டிக்கெட் போடும்போது படிக்காமல் 'அக்ரி' கொடுத்த நிபந்தனைகள்தான் சட்டம்.

(இந்தக் கட்டுரையில் உள்ள விதிகளும் கட்டணங்களும் 2025 டிசம்பர் நிலவரப்படி.)

அவர்கள் ரத்து செய்தால்...

2025 டிசம்பர் முதல் வாரத்தை விமானப் பயணிகள் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். விமானிகளின் பணி நேரத்துக்கான புதிய விதிகளுக்கு ஏற்ப ஆட்களைத் தயார் செய்யாததால் இண்டிகோ திணறியது. டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் எல்லா ரீஃபண்டையும் முடிக்க வேண்டும் என்று மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் கெடு விதித்தது. அந்தக் கெடுவுக்குள் 610 கோடி ரூபாய் திருப்பித் தரப்பட்டதாகக் கணக்கு வந்தது.

கெடு விதித்ததால்தான் வேகமாக வந்தது என்பது உண்மை. ஆனால் பணம் கேட்கும் உரிமை அன்றைக்குப் புதிதாக வந்ததல்ல. விமானத்தை நிறுவனம் ரத்து செய்தால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றைப் பயணி தேர்ந்தெடுக்கலாம் என்பது டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை இயக்குநரகத்தின் பழைய விதி. தேர்வு பயணியுடையது. 'கிரெடிட் ஷெல்லில் போட்டு வைக்கிறோம், அடுத்த முறை பறக்கும்போது கழித்துக்கொள்ளுங்கள்' என்று நிறுவனம் தானாக முடிவெடுக்க முடியாது. பயணி ஒப்புக்கொண்டால் மட்டுமே கிரெடிட் ஷெல்.

ரீஃபண்டும் இழப்பீடும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ரீஃபண்ட் என்பது நீங்கள் கட்டிய பணம். இழப்பீடு என்பது அதற்கு மேல் தருவது. ரத்து பற்றி முறைப்படி முன்கூட்டியே சொல்லவில்லை என்றால், பறக்கும் நேரம் ஒரு மணி வரை இருந்தால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது.

ஆனால் புயல், மழை, போர்ச்சூழல் மாதிரி நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலிலும் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. அப்படி ஒரு நாளில் விமானம் ரத்தானால் இழப்பீடு கேட்க முடியாது, டிக்கெட் பணத்தை முழுசாகக் கேட்கலாம். 'புயலுக்கு நாங்கள் பொறுப்பில்லை' என்ற பதில் இழப்பீட்டுக்குத்தான் பொருந்தும். ரீஃபண்டுக்குப் பொருந்தாது.

இங்கேதான் அவசரக்காரர்கள் பணத்தை விடுகிறார்கள். புயல் எச்சரிக்கை வந்ததும், எப்படியும் விமானம் போகாது என்று முந்தின நாள் இரவே ஒருவர் டிக்கெட்டைக் கேன்சல் செய்கிறார். கணக்குப்படி அது 'பயணி ரத்து செய்தது'. வழக்கமான கட்டணம் போகும். பக்கத்து சீட்காரர் பொறுமையாக இருக்கிறார். மறுநாள் நிறுவனமே ரத்து செய்ய, அவருக்கு முழுப் பணம். இடையில், 'கட்டணமில்லாமல் தேதி மாற்றிக்கொள்ளலாம், ரத்து செய்துகொள்ளலாம்' என்று நிறுவனமே அறிவிப்பதும் உண்டு. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு ஸ்ரீநகர் டிக்கெட்டுகளுக்கு ஏர் இந்தியாவும் இண்டிகோவும் அப்படித்தான் அறிவித்தன. அதனால் ஊரே பேசும் ஒரு காரணம் இருந்தால், பட்டனை அழுத்துவதற்கு முன் நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

முசரவாக்கத்து மகனுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் வீட்டுத் துக்கம் அவர்களுக்கு மட்டும்தான்.

நாமே ரத்து செய்தால்...

அவருடைய 6,500 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து 5,200. வரிகள், விமான நிலையக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,300. நிறுவனம் ரத்துக் கட்டணமாக 4,000 எடுக்கிறது. ஆப் தன் பங்குக்கு 400 எடுக்கிறது. மீதி 2,100.

இதில் நிறுவனம் எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்க முடியுமா? முடியாது. அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத் தொகைக்கு மேல் ரத்துக் கட்டணம் போகக்கூடாது. இந்த உதாரணத்தில் அந்த எல்லை 5,200. வரியும், பயணிகளுக்கான விமான நிலையக் கட்டணங்களும் நிறுவனத்தின் பணமே அல்ல. நீங்கள் பறக்கவில்லை என்றால் அவை திரும்ப வந்தாக வேண்டும். ஆஃபர் டிக்கெட், 'நான்-ரீஃபண்டபிள்' டிக்கெட், விமானத்தைத் தவறவிட்ட 'நோ-ஷோ' எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பாதிப் பேருக்கு இது தெரியாது. ஒரு ரூபாய்கூட வராது என்று நினைத்துக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ரீஃபண்டைச் செயல்படுத்துவதற்கு என்று தனியாக ஒரு கட்டணம் கேட்டால், அதுவும் விதிப்படி கூடாது. ஆனால் புக் செய்யும்போது ஆப் வாங்கிய 'கன்வீனியன்ஸ் ஃபீ' பெரும்பாலும் போனது போனதுதான்.

கிளம்புவதற்கு மூன்று, நான்கு நாட்கள் இருக்கும்போது சில நிறுவனங்களில் ரத்துக் கட்டணம் ஒரு படி ஏறும். துக்க வீட்டில் டிக்கெட்டைப் பற்றி யோசிக்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் யாராவது ஒருவர் அன்றிரவே இதைப் பார்த்துவிட்டால் சில ஆயிரம் மிச்சமாகும். தேதி மாற்றக் கட்டணம் ரத்துக் கட்டணத்தைவிடக் குறைவாக இருக்கிறதா என்று பார்க்கலாம். நிறுவனம் இதற்கிடையில் விமான நேரத்தை மாற்றி மெயில் அனுப்பியிருக்கிறதா என்றும் இன்பாக்ஸில் தேட வேண்டும். நேரம் கணிசமாக மாறியிருந்தால் பல நிறுவனங்கள் இலவசமாக ரத்து செய்ய விடும்.

புக் செய்து 24 மணி நேரத்துக்குள் மனசு மாறினால் வேறு கதை. கிளம்ப ஏழு நாட்களோ அதற்கு மேலோ இருக்கும்போது போட்ட டிக்கெட் என்றால், கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் என்கிறது 2019இல் வந்த விமானப் பயணிகள் சாசனம். இதை 48 மணி நேரமாக உயர்த்தவும், மருத்துவ அவசரத்தில் ரத்து செய்பவர்களுக்கு ரீஃபண்ட் அல்லது கிரெடிட் ஷெல் கொடுக்கவும் 2025 நவம்பரில் டிஜிசிஏ ஒரு வரைவை வெளியிட்டது. நீங்கள் டிக்கெட் போடும் நாளில் எது நடைமுறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரு ஆப் இருந்தால்...

ஏர்லைனைக் கேட்டால் 'ஏஜென்ட்டிடம் கொடுத்துவிட்டோம்' என்பார்கள். ஏஜென்ட்டைக் கேட்டால் 'ஏர்லைனிலிருந்து இன்னும் வரவில்லை' என்பார்கள். ரீஃபண்டுக்காக அலைந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பதில்கள் இவை.

கிரெடிட் கார்டில் நேரடியாகப் போட்ட டிக்கெட்டுக்கு ரத்து செய்த 7 நாட்களில் பணம் திரும்ப வேண்டும். ஏஜென்ட் அல்லது ஆப் வழியாகப் போட்டிருந்தால் 30 வேலை நாட்கள். ஆனால் அப்போதும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான், ஏனென்றால் ஏஜென்ட் என்பவர் அவர்கள் நியமித்த பிரதிநிதி என்று விதியிலேயே இருக்கிறது.

விதி இருந்தும் எவ்வளவு இழுக்கும் என்பதற்குக் கொரோனா காலம் சாட்சி. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது விமானங்கள் நின்றன. நிறுவனங்கள் பணத்துக்குப் பதில் கிரெடிட் ஷெல்லை நீட்டின. பிரவாசி லீகல் செல் என்ற அமைப்பு தொடர்ந்த வழக்கில், 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரடங்கு சமயத்தில், அதே ஊரடங்கு நாட்களில் பயணிக்கப் போட்ட டிக்கெட்டுகளுக்கு உடனே முழுப் பணம். அதற்கு முன்பே போட்ட டிக்கெட்டுகளுக்கு 15 நாட்களில் பணம். நிதி நெருக்கடியில் இருக்கும் நிறுவனம் என்றால் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல், அதுவும் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறும் தொகையோடு. அதற்குள் பயன்படுத்தாவிட்டால் பணமாகவே தர வேண்டும். ஏஜென்ட் வழியாகப் போட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

தீர்ப்பு வந்ததும் பணம் வந்துவிட்டதா? யாத்ரா இணையதளம் வழியாக டிக்கெட் போட்டவர்களின் கணக்கைப் பாருங்கள். 2021இல் நிலுவையில் இருந்தவை 36,276 புக்கிங், 26 கோடியே 25 லட்சம் ரூபாய். 2024 ஜூனிலும் 4,837 புக்கிங்குக்கான 2 கோடியே 52 லட்சம் ரூபாய் பாக்கி இருந்தது. ஊரடங்கு முடிந்து நான்கு வருஷம்! அந்த மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டது. தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் யாத்ராவின் செலவில் ஐந்து இருக்கைகள் அமைத்து, பாக்கி உள்ளவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைத்துச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது.

நிறுவனமே மூழ்கினால்...

எல்லாவற்றிலும் மோசமான நிலை இதுதான். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே 3 அன்று நிறுத்தியது. டிக்கெட் வைத்திருந்தவர்கள் பயணிகள் என்ற நிலை போய், கடன்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் வங்கிகள் முன்னால், பயணிகள் பின்னால். ஜெட் ஏர்வேஸின் சொத்துகளை விற்றுக் கணக்கை முடிக்க உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உத்தரவிட்டது. கோ ஃபர்ஸ்டுக்கு அதே உத்தரவை 2025 ஜனவரியில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் போட்டது.

பிரிட்டனில் 2019 செப்டம்பரில் தாமஸ் குக் நிறுவனம் திவாலானபோது, வெளிநாடுகளில் சிக்கிய சுமார் ஒன்றரை லட்சம் பேரை அந்த நாட்டு அரசு விமானம் வைத்துத் திரும்ப அழைத்து வந்தது. 'ஏட்டால்' என்ற பாதுகாப்புத் திட்டத்துக்காக டூர் நிறுவனங்களிடம் ஏற்கெனவே பணம் வசூலித்து வைத்திருந்தார்கள். அதிலிருந்து பேக்கேஜ் வாங்கியவர்களுக்குப் பணமும் திரும்பியது. நம் ஊரில் அப்படி ஒரு நிதி கிடையாது.

இந்த நிலையில் கைகொடுக்கக்கூடியது கிரெடிட் கார்டு. 'பணம் கட்டினேன், சேவை கிடைக்கவில்லை' என்று வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்கலாம். இதற்குக் காலக்கெடு உண்டு, பெரும்பாலும் 120 நாட்கள். அதனால் நிறுவனத்தின் 'விரைவில் தொடங்குவோம்' அறிவிப்பை நம்பிக் காத்திருந்தால் வண்டி போய்விடும். யுபிஐயில் கட்டியவர்களுக்கு இந்த வழி இவ்வளவு சுலபமில்லை. பெரிய தொகை, நாலு மாதம் கழித்துப் பயணம் என்றால் கார்டில் கட்டுவதற்கு இது ஒரு காரணம்.

ரயிலில் கணக்கு தெளிவு

ரயில்வேயைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் ரீஃபண்ட் கணக்கு பட்டவர்த்தனம். 2015 நவம்பரில் வந்த விதிப்படி, உறுதியான டிக்கெட்டை ரயில் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால், ஆளுக்கு ஸ்லீப்பரில் 120 ரூபாய், மூன்றடுக்கு ஏசியில் 180, இரண்டடுக்கில் 200, முதல் வகுப்பு ஏசியில் 240. ஏசி வகுப்புகளுக்கு ஜிஎஸ்டி தனி. 48இலிருந்து 12 மணி நேரத்துக்குள் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம். 12இலிருந்து 4 மணி நேரத்துக்குள் பாதி. அதற்கும் கீழே வந்தால் ஒன்றுமில்லை. உறுதியான தட்கல் டிக்கெட்டுக்கு எப்போது ரத்து செய்தாலும் ஒன்றுமில்லை.

ரயில்வேயே ரத்து செய்தால் இ-டிக்கெட் பணம் தானாக வந்துவிடும். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் ஏறவில்லை என்றால் முழுப் பணம் கேட்கலாம். ஆனால் ரயில் கிளம்புவதற்கு முன் 'டிடிஆர்' பதிவு செய்திருக்க வேண்டும்.

இன்னொரு வசதி பலருக்கும் ஞாபகம் வருவதில்லை. ஒருவர் மட்டும் போக முடியவில்லை என்றால், அந்த டிக்கெட்டை அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, கணவன், மனைவி, மகன், மகள் பெயருக்கு மாற்றலாம். கிளம்ப 24 மணி நேரத்துக்கு முன், உறவுக்கான ஆதாரத்தோடு முன்பதிவு மையத்தில் கொடுக்க வேண்டும். விமான டிக்கெட்டில் இதெல்லாம் நடக்காது.

முசரவாக்கம் குடும்பத்தின் ரயில் அடுத்த வாரம்தான். நாலு பேருக்கும் சேர்த்துச் சுமார் 760 ரூபாய் போக, 7,240 ரூபாய் திரும்பிவிடும்.

ரூமும் டூரும்

ஹோட்டலுக்கு விமானம், ரயில் மாதிரி தனி விதி எதுவும் இல்லை. புக் செய்த பக்கத்தில் என்ன போட்டிருந்ததோ அதுதான். 200, 300 ரூபாய் குறைகிறதே என்று 'நான்-ரீஃபண்டபிள்' எடுத்தவர்கள் ஆப்பில் சண்டை போடுவதைவிட, ஹோட்டலுக்கே போன் போட்டு நிலைமையைச் சொல்லித் தேதியை மாற்றித் தரக் கேட்பது பலன் தரும். கோயில் ஊர்களில் பலர் துக்கம் என்றால் மறுக்க மாட்டார்கள். சம்மதித்தால் அதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ள வேண்டும்.

தெருமுனை டூர் ஆபரேட்டரிடம் காசி, ராமேஸ்வரம் என்று ரொக்கமாக அட்வான்ஸ் கொடுப்பவர்கள் இன்னமும் அதிகம். ரசீது கேட்டால் 'நம்ம ஆளுதானே' என்பார்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். வெளிநாட்டு பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் வரியும் பிடித்திருப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்டிருந்தால் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கேட்டுக்கொள்ளலாம். விசா கட்டணம் மட்டும் திரும்பாது, விசா கிடைக்காவிட்டாலும்.

இன்சூரன்ஸ் இருந்தால் போதுமா?

முதலில் ஒரு குழப்பம். ஐஆர்சிடிசியில் டிக்கெட் போடும்போது 45 பைசாவுக்கு ஒரு இன்சூரன்ஸ் வருமே, அது விபத்துக்கானது. உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. டிக்கெட்டை ரத்து செய்வதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது, ஆப்களில் வரும் 'ஜீரோ கேன்சலேஷன்' போன்ற திட்டங்கள். சில இன்சூரன்ஸ், சில அந்த ஆப்பே விற்கும் ஒரு சலுகை. காரணம் கேட்காமல் பணம் தரும், ஆனால் எத்தனை மணி நேரத்துக்கு முன், எவ்வளவு தொகை வரை என்று எல்லை இருக்கும். எதுவாக இருந்தாலும், நீங்கள் கேட்காமலே டிக் போட்டு வைத்திருந்தால் அது தவறு. வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் கூடையில் பொருளைச் சேர்ப்பதை 2023 நவம்பர் 30 அன்று வந்த 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டுதல்கள் தடை செய்திருக்கின்றன.

மூன்றாவதுதான் உண்மையான டிராவல் இன்சூரன்ஸ். இதில் 'டிரிப் கேன்சலேஷன்' பிரிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், எல்லா பாலிசியிலும் இருக்காது. இருந்தாலும், பட்டியலில் உள்ள காரணங்களுக்கு மட்டுமே பணம். உங்களுக்குக் கடுமையான உடல்நலக் குறைவு, விபத்து, நெருங்கிய குடும்பத்தில் மரணம், இயற்கைப் பேரிடர் போன்றவை. மேனேஜர் லீவு தரவில்லை, நண்பன் கழன்றுகொண்டான், மூடு இல்லை என்பதெல்லாம் வழக்கமாகப் பட்டியலில் வராது. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது. ஏற்கெனவே இருந்த நோய் என்றால் பல பாலிசிகள் கைவிரிக்கும்.

இனி பெரியப்பா விஷயத்துக்கு வருவோம். 'நெருங்கிய குடும்பம்' என்றால் யார்? பாலிசியில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கும். பெரும்பாலும் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர். பலவற்றில் உடன்பிறந்தவர்களும் மாமனார் மாமியாரும் உண்டு. பெரியப்பா, சித்தப்பா அநேகமாக இருக்க மாட்டார்கள். தீட்டு என்பது எந்த பாலிசிக்கும் தெரியாது. பங்காளி வீட்டில் சாவு என்றால் பதினாறு நாள் நாம் கோயிலுக்குப் போக மாட்டோம் என்பதை க்ளெய்ம் படிவத்தில் எழுதினால், 'காரணம் பட்டியலில் இல்லை' என்றுதான் பதில் வரும்.

ஆனால் இதையே வேறு மாதிரி பாருங்கள். மகனுக்கு அவர் பெரியப்பா. அப்பாவுக்கு? கூடப் பிறந்த அண்ணன். பாலிசியில் உடன்பிறந்தவர்கள் இருந்தால், அப்பாவின் டிக்கெட்டுக்கு க்ளெய்ம் செல்லும். சில பாலிசிகளில் 'உடன் பயணிப்பவர்' ரத்து செய்தாலும் மற்றவர்களுக்குப் பணம் உண்டு. அப்படி ஒரு வரி இருந்தால் அம்மா, மகன், மகள் மூவரும் அப்பாவைக் காட்டிக் கேட்கலாம். நாலு பேருக்கும் மகனே 'பெரியப்பா மரணம்' என்று ஒரே காரணத்தைப் போட்டு அனுப்பினால் நாலும் நிராகரிக்கப்படும் வாய்ப்புதான் அதிகம். இறந்தவர் அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணன் என்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும். நமக்கு இருவரும் பெரியப்பாதான், பாலிசிக்கு அப்படி இல்லை.

எவ்வளவு கிடைக்கும்? 6,500 முழுசாக அல்ல. விமான நிறுவனமும் ஆப்பும் சேர்ந்து திருப்பித் தராத 4,400 ரூபாய், அதிலும் பாலிசியில் 'டிடக்டபிள்' இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு. அதனால் டிக்கெட்டை முறைப்படி ரத்து செய்து, எவ்வளவு பிடித்தார்கள் என்ற ரசீதை வாங்கியாக வேண்டும். சும்மா போகாமல் விட்டுவிட்டு க்ளெய்ம் போட்டால் சிக்கல். இறப்புச் சான்றிதழ் வேண்டும், இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுவது இதற்கும் உதவும். இருவரும் அண்ணன் தம்பி என்று காட்ட ஒரே அப்பா பெயர் உள்ள ஏதாவது இரண்டு ஆவணங்கள் வேண்டும். பழைய பள்ளிச் சான்றிதழ், கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்து ரேஷன் கார்டு என்று தேட வேண்டியிருக்கும். உடல்நலக் காரணம் என்றால், 'ஓய்வு தேவை' என்று எழுதிய சீட்டு போதாது. 'பயணம் செய்யத் தகுதியில்லை' என்று தேதியோடு டாக்டர் எழுதித் தர வேண்டும்.

கேட்டும் தரவில்லை என்றால்...

போனில் கத்துவதால் பயனில்லை, எழுத்தில் கேட்க வேண்டும். புக்கிங் எண், ரத்து செய்த தேதி, வர வேண்டிய தொகை, அன்றைக்கு ஆப் காட்டிய ரீஃபண்ட் திரையின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் ஒரே மெயிலில் இருக்கட்டும். அந்த ஸ்க்ரீன்ஷாட்டை எடுக்காமல் பட்டனை அழுத்தாதீர்கள். பின்னால் தொகை குறைந்து வந்தால் காட்ட வேறு எதுவும் இருக்காது.

விமான நிறுவனம் என்றால் 'ஏர்சேவா' ஆப்பில் புகார் செய்யலாம். எந்தச் சேவையாக இருந்தாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விமான நிறுவனத்தின் தலைமை அலுவலகம் டெல்லி பக்கம் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

இன்சூரன்ஸ் க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிராகரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

முசரவாக்கம் குடும்பத்துக்கு விமானத்தில் 8,400, ரயிலில் 7,240, ஆக 15,640 ரூபாய் உறுதியாகத் திரும்பும். ரூம்காரர் மாசி மாதத்துக்குத் தேதியை மாற்றித் தருவதாக வாட்ஸ்அப்பில் சொன்னால் 9,000மும் வீணாகாது. மிச்சம் இருப்பது இன்சூரன்ஸ். காரியம் முடிந்த மறுநாள் க்ளெய்ம் படிவத்தில் 'இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?' என்ற கட்டம் வரும். மகன் அதைத் தன் பெயரில் நிரப்பாமல், மொபைலை அப்பாவிடம் கொடுத்து 'அண்ணன்' என்று போடச் சொல்ல வேண்டும்.